12ஆம் நம்பர் கம்பி என்ன பருமன்?
கம்பி, வயர், பியூஸ் வாங்குவோருக்கு ஒரு பாடம்



மண்சரிவு அபாயம் காரணமாக லயத்தை விட்டு வெளியேறி, புதிய இடத்தில் ஏழு பேர்ச் நிலத்தில் வீடு கட்டிக் குடியேறிய சில குடும்பங்களோடு சேர்ந்து பொது மரக்கறித் தோட்டமொன்றை அமைத்தோம். கோவா, லீக்ஸ், உருளைக்கிழங்கு போட்டோம். காட்டுப்பன்றிக்கும் மாட்டுக்கும் வேலி வேண்டியிருந்தது. சுற்றளவு 300 மீற்றர். மூன்று வரிசைக் கம்பி. கையில் பணம் குறைவாக இருந்ததால் முதலில் பாதி வேலி, பின்னர் மீதி என்று தீர்மானித்தோம்.

முதற் பாதிக்கு ஒரு கடையில் "12 கேஜ் ஜீ.ஐ. கம்பி 20 கிலோ" என்று கேட்டு வாங்கினோம். 150 மீற்றரை மூன்று முறை சுற்ற 450 மீற்றர் தேவை. 20 கிலோவும் சரியாக முடிந்தது. இரண்டு மாதம் கழித்து மீதிப் பாதிக்கு வேறொரு கடையில் அதே "12 கேஜ், 20 கிலோ" என்று கேட்டோம். கிலோவுக்கு விலையும் சற்றுக் குறைவு. வேலி முடிந்த பிறகு பெரிய சுருள் ஒன்று மிச்சமாகக் கிடந்தது. 300 மீற்றருக்கு மேல் இருக்கும். எல்லோருக்கும் மகிழ்ச்சி. கணக்கெழுதிய எனக்கும் மகிழ்ச்சிதான்.

அடுத்த மழைக்காலத்தில் அந்த இரண்டாவது பாதி வேலி மூன்று இடங்களில் அறுந்தது. ஒரே இரவில் பன்றிகள் புகுந்து கிழங்குப் பாத்திகளை உழுதுவிட்டன. காலையில் குழுவிலுள்ள ஓர் அம்மா இரு பக்கத்துக் கம்பித் துண்டுகளையும் விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்துவிட்டு, "சாமி, ரெண்டும் ஒரே கம்பியா?" என்று கேட்டார். அளந்து பார்த்தோம். ஒன்று 2.6 மில்லிமீற்றர். மற்றது 2 மில்லிமீற்றர். இரண்டுக்கும் நம்பர் 12.

மிச்சமாகக் கிடந்த சுருளே முதல் நாளில் எங்களுக்கு இதைச் சொல்லியிருந்தது. கிலோவுக்குக் கூடுதல் நீளம் கிடைத்தால் கம்பி மெலிந்தது என்றுதான் பொருள். அது எங்கள் காதில் விழவில்லை. அந்தத் தவறிலிருந்து பிறந்ததே இந்தப் பாடம்.

நம்பர் எப்படி வந்தது?

கம்பி எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிந்தால் நம்பரின் கதை விளங்கும். நகை செய்யும் பத்தரின் பட்டறைக்குப் போய்ப் பாருங்கள். உருக்குத் தகடொன்றில் பெரிதிலிருந்து சிறிதாக வரிசையாகத் துளைகள் இருக்கும். தங்கக் கம்பியின் நுனியைக் கூராக்கி, பெரிய துளையில் செலுத்தி, குறட்டால் பிடித்து இழுப்பார். பிறகு அடுத்த சிறிய துளை. பிறகு அதைவிடச் சிறியது. ஒவ்வோர் இழுப்பிலும் கம்பி மெலிந்து நீளும்.

இரும்புக் கம்பியும் செப்புக் கம்பியும் இதே முறையில்தான் இழுக்கப்படுகின்றன. பழைய காலத்துக் கம்பித் தொழிலாளர் எத்தனையாவது துளையில் இழுத்தார்களோ அந்த எண்ணையே கம்பிக்கும் பெயராக வைத்தார்கள். ஆகவே நம்பர் கூடக் கூடக் கம்பி மெலியும். 8ஆம் நம்பர் தடித்தது. 20ஆம் நம்பர் மெல்லியது. நமக்கு இது புதிதல்ல. ஸ்டோரில் தேயிலை சலிக்கும் சல்லடையிலும் இப்படித்தான். ஓர் அங்குலத்துக்குள் எத்தனை கண் என்பதே சல்லடையின் நம்பர். நம்பர் கூடினால் கண் சிறுக்கும், தூள் நுணுகும்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. சல்லடை நம்பரை யாரும் அங்குல அளவுகோலை வைத்து எண்ணிச் சரிபார்க்கலாம். கம்பி நம்பரில் அப்படி எண்ணுவதற்கு ஒன்றுமில்லை. அது ஒரு பட்டறையின் துளை வரிசை மட்டுமே. பட்டறைக்குப் பட்டறை துளை மாறினால் அளவும் மாறும்.

இங்கிலாந்தில் நடந்ததும் இதுதான். பர்மிங்காம் வட்டாரத்து வழக்கில் எழுந்த நம்பர் முறை "பர்மிங்காம் கேஜ்" எனப் பெயர் பெற்றது. ஆனால் அதே பெயரில் விற்கப்பட்ட அளவுத் தகடுகளே ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. 1857இல் ஜோசப் விட்வர்த் என்ற பொறியியலாளர் ஒரு நேரான வழியைச் சொன்னார். கம்பியின் பருமன் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கோ அதுவே நம்பராக இருக்கட்டும் என்பதே அவர் யோசனை. வணிகர் உலகம் அதை ஏற்கவில்லை. பழகிய நம்பரை விட எவருக்கும் மனம் வரவில்லை.

இறுதியில் பிரிட்டிஷ் அரசு 1883இல் ஆணை பிறப்பித்து, 1884 மார்ச் 1 முதல் ஒரே அட்டவணையைச் சட்டமாக்கியது. அதுதான் "ஸ்டாண்டர்ட் வயர் கேஜ்", சுருக்கமாக எஸ்.டபிள்யூ.ஜி. அரை அங்குலத்திலிருந்து ஆயிரத்திலொரு பங்கு அங்குலம் வரை அதில் இடமுண்டு. அவர்களின் ஆட்சியிலிருந்த இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இந்த முறையே வந்தது. தேயிலைத் தோட்டத்து ஸ்டோர் பதிவேடுகளிலும் இரும்புக்கடைகளிலும் பேசப்பட்ட "கேஜ்" இதுவே.

அமெரிக்கர் வேறு வழியில் போனார்கள். அங்கே பிரவுன் அன்ட் ஷார்ப் நிறுவனம் 1857இல் தனி அட்டவணை ஒன்றை வகுத்தது. அதுவே இன்றைய ஏ.டபிள்யூ.ஜி. அது கணக்கு ஒழுங்குடையது. நம்பர் மூன்று கூடினால் கம்பியின் வெட்டுமுகப் பரப்பு ஏறத்தாழப் பாதியாகும். ஆறு கூடினால் பருமன் பாதியாகும்.

ஒரே நம்பர், மூன்று பருமன்

இலங்கையில் 1970களிலேயே மெற்றிக் முறை வந்துவிட்டது. ஆனாலும் கடைப் பேச்சில் கேஜ் போகவில்லை. இந்தியக் கம்பி ஒரு முறையிலும், சீனக் கம்பி பெரும்பாலும் பழைய பர்மிங்காம் முறையிலும், மின்கருவிகளுக்கான கேபிள் பல அமெரிக்க முறையிலும் வருகின்றன. கீழே உள்ளதைப் பாருங்கள். அளவுகள் மில்லிமீற்றரில் உள்ளன.

நம்பர் 10: ஸ்டாண்டர்ட் 3.25, பர்மிங்காம் 3.40, அமெரிக்கன் 2.59
நம்பர் 12: ஸ்டாண்டர்ட் 2.64, பர்மிங்காம் 2.77, அமெரிக்கன் 2.05
நம்பர் 14: ஸ்டாண்டர்ட் 2.03, பர்மிங்காம் 2.11, அமெரிக்கன் 1.63
நம்பர் 16: ஸ்டாண்டர்ட் 1.63, பர்மிங்காம் 1.65, அமெரிக்கன் 1.29

பர்மிங்காமும் ஸ்டாண்டர்ட்டும் அருகருகே நிற்கின்றன. அமெரிக்கன் இரண்டு படி கீழே நிற்கிறது. அமெரிக்கன் 12 என்பது நம் பழைய 14. அதனால் ஒரே நம்பரைச் சொல்லி மெலிந்த கம்பியை விற்றாலும் கடைக்காரர் பொய் சொன்னார் என்று நிரூபிக்க முடியாது. அவருக்கே தெரியாமலும் இருக்கலாம். நட்டம் மட்டும் வாங்கியவர் தலையில்.

கூரைத் தகரத்துக்கும் கேஜ் சொல்வார்கள். தகட்டுக்கான கேஜ் வேறு அட்டவணை. 24 கேஜ் தகரமும் 24 கேஜ் கம்பியும் ஒரே தடிப்பு என்று எண்ண வேண்டாம்.

பருமனும் பலமும்

2.6 மில்லிமீற்றருக்கும் 2 மில்லிமீற்றருக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். கண்ணுக்கு அது சிறிதுதான். ஆனால் கம்பியின் பலம் அதன் வெட்டுமுகப் பரப்பில் இருக்கிறது. அதை ஒப்பிட எளிய வழி, பருமனைப் பருமனால் பெருக்குவது.

2.6 x 2.6 = 6.8 (ஏறத்தாழ)
2.0 x 2.0 = 4.0

அதாவது 12ஆம் நம்பரின் பலத்தில் 14ஆம் நம்பருக்கு இருப்பது 100க்கு 60 பங்குதான். 16ஆம் நம்பருக்கு 100க்கு 40 பங்குகூட இல்லை. இதோடு நமது மூடுபனியையும் மழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். துத்தநாகப் பூச்சு போனபின் துரு எல்லாக் கம்பியையும் வெளியிலிருந்தே தின்கிறது. தடித்த கம்பியில் உள்ளே இன்னும் இரும்பு மிஞ்சியிருக்கும் காலத்தில் மெலிந்த கம்பி அறுந்துவிடும்.

கிலோக் கணக்கில் வாங்கும்போது எவ்வளவு நீளம் கிடைக்க வேண்டும் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாண்டர்ட் கேஜ் இரும்புக் கம்பி ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ:

8ஆம் நம்பர்: 10 மீற்றர்
10ஆம் நம்பர்: 15 மீற்றர்
12ஆம் நம்பர்: 23 மீற்றர்
14ஆம் நம்பர்: 39 மீற்றர்
16ஆம் நம்பர்: 61 மீற்றர்

12ஆம் நம்பர் கேட்டு 20 கிலோ வாங்கினால் 460 மீற்றர்வரை வரும். 780 மீற்றர் வந்தால் அது 14ஆம் நம்பர். எங்களுக்கு நேர்ந்தது இதுதான்.

இன்னொன்றையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். வேலி எவ்வளவு மெலிந்திருந்தாலும் வீட்டுக் கரண்டை அதில் கொடுக்கவே கூடாது. பன்றிக்கு வைத்த மின்கம்பி மனிதரையும் பிள்ளைகளையும் கொல்லும். அது குற்றமுமாகும்.

வீட்டுக்குள் வரும் வயர்

வேலி அறுந்தால் பயிர் போகும். வீட்டு வயர் பிழைத்தால் வீடே போகும். நோர்ட்டன் பிரிட்ஜுக்கு அருகே பழைய லக்ஷபான மின்நிலையம் 1950இலேயே இயங்கத் தொடங்கியது. தண்ணீர் நமது மலையில் விழுந்தது. வெளிச்சமோ பல லயங்களுக்குப் பல பத்தாண்டுகள் கழித்தே வந்து சேர்ந்தது. வந்தபோதும் ஒரு காம்பிராவுக்கு ஒரு பல்ப் என்ற கணக்கில் வயர் இழுத்தார்கள். பிறகு கேத்தல், ஸ்திரிக்கைப் பெட்டி, ரைஸ் குக்கர் என்று ஒவ்வொன்றாக வந்தன. வயர் மட்டும் பழையதாகவே இருந்தது. ஒரே கூரையின் கீழ் தொடர்ந்து போகும் லயத்தில் ஒரு காம்பிராவில் பற்றிய தீ மற்றவற்றையும் விட்டுவைக்காது.

மின் வயருக்கு இரண்டு எண்களைச் சேர்த்துச் சொல்வார்கள். முதல் எண், உள்ளே எத்தனை இழை என்பது. இரண்டாவது எண், ஒவ்வோர் இழையின் பருமன். இதுவரை எளிது. சிக்கல் என்னவென்றால் இரண்டாவது எண்ணின் அளவுமுறை இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப மூன்று விதமாக இருந்தது.

7/22: ஏழு இழை, ஒவ்வொன்றும் 22ஆம் கேஜ். மொத்தச் செம்பு 2.8 சதுர மில்லிமீற்றர். இந்தியாவில் பழைய தலைமுறை மின் தொழிலாளரின் பேச்சு இது. 1964 ஒப்பந்தத்தின் பின் நீலகிரிக்குப் போன நம் உறவினர் வாயிலும் "மூணு இருபத்திரெண்டு, ஒண்ணு பதினெட்டு" என்று கேட்டிருப்பீர்கள்.

7/.029: ஏழு இழை, ஒவ்வொன்றும் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 29 பங்கு. மொத்தம் 3 சதுர மில்லிமீற்றர். பழைய பிரிட்டிஷ் கேபிள்களில் இப்படி இருக்கும்.

7/0.67: ஏழு இழை, ஒவ்வொன்றும் 0.67 மில்லிமீற்றர். மொத்தம் 2.5 சதுர மில்லிமீற்றர். இன்று நமது கடைகளில் இருப்பது இது.

மூன்றும் ஏழில் தொடங்குகின்றன. மூன்றும் ஏறத்தாழ ஒரே வேலைக்கானவை. ஆனால் 22, 029, 0.67 ஆகிய எண்களை அப்படியே ஒப்பிட்டால் எதுவும் விளங்காது. ஆகவே எந்த வயரானாலும் "மொத்தம் எத்தனை சதுர மில்லிமீற்றர்?" என்று கேளுங்கள். அதுவே மயக்கமில்லாத அளவு.

இன்றைய வயர்களில் மூன்றை மனத்தில் வைத்தால் போதும். 1/1.13 என்பது 1 சதுர மில்லிமீற்றர், விளக்குகளுக்கு உரியது. 7/0.67 என்பது 2.5; பிளக் பொயின்ற்களுக்கு உரியது. 7/1.04 என்பது 6. அதைவிடப் பெரிய சுமைக்கு உரியது.

இழை நிறைய இருந்தால் வயர் பெரிது என்றும் எண்ணாதீர்கள். 16/0.20 என்ற மெல்லிய நெகிழ் வயரில் 16 இழைகள் உண்டு. ஆனால் மொத்தச் செம்பு அரைச் சதுர மில்லிமீற்றர்தான். 7/0.67இல் ஐந்தில் ஒரு பங்கு. மேலுறை தடிப்பாக இருப்பதைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். கரண்டைச் சுமப்பது செம்பு. பிளாஸ்டிக் உறை அல்ல.

சுமையைக் கணக்கிடுவதும் கடினமல்ல. கருவியில் எழுதியிருக்கும் வாட்ஸை 230ஆல் வகுத்தால் அம்பியர் வரும். 2000 வாட்ஸ் கேத்தல் ஏறத்தாழ 9 அம்பியர். 1000 வாட்ஸ் ஸ்திரிக்கைப் பெட்டி 4 அம்பியருக்கு மேல். 700 வாட்ஸ் ரைஸ் குக்கர் 3. காலையில் மூன்றையும் ஒன்றாகப் போட்டால் 16 அம்பியர். பல்புக்கென்று இழுத்த வயரிலிருந்து இதை எடுத்தால் வயர் சுவருக்குள்ளும் கூரைக்கடியிலும் சூடேறும். நம் கண்ணுக்கு அது தெரியாது.

பியூஸ்: மெலிந்திருப்பதே அதன் வேலை

எல்லா இடத்திலும் தடித்த கம்பி நல்லது என்று சொன்ன பாடம் இங்கே மட்டும் தலைகீழாகும். சுமை மீறும்போது வீட்டுக்கு முன் தான் உருகி அறுந்துபோவதற்காகவே பியூஸ் கம்பி மெலிதாக வைக்கப்படுகிறது. ட்ரிப் சுவிற்ச் இல்லாத பழைய வீடுகளில் இன்னும் இதுவே காவல். செப்புப் பியூஸ் கம்பியின் சரியான பருமன் இது:

5 அம்பியர்: 0.20 மில்லிமீற்றர் (பழைய 35 கேஜ் அளவு)
15 அம்பியர்: 0.50 மில்லிமீற்றர் (பழைய 25 கேஜ் அளவு)
30 அம்பியர்: 0.85 மில்லிமீற்றர்

பியூஸ் போனவுடன் மீந்த வயரிலிருந்து ஓர் இழையை உருவிக் கட்டுவது நம்மிடையே வழக்கம். "மெல்லிசான கம்பிதானே" என்போம். 7/0.67 வயரின் ஓர் இழை 0.67 மில்லிமீற்றர். அது 20 அம்பியருக்கும் மேலான பியூஸுக்குச் சமம். அது உருகுவதற்கோ அதைப்போல் இரண்டு மடங்கு கரண்ட் வேண்டும். 5 அம்பியர் இடத்தில் அதைக் கட்டினால் பியூஸ் அறுவதற்கு முன் வயர் எரியும். அடிக்கடி பியூஸ் போகிறதென்றால் சுமை அதிகம், அல்லது எங்கோ பழுது. காரணத்தைத் தேட வேண்டுமே தவிரக் காவலாளியைக் கட்டிப்போடக் கூடாது. பிரதான சுவிற்சை நிறுத்தாமல் பியூஸைத் தொடவும் கூடாது. புதிய வயர் இழுப்பதைத் தகுதி பெற்ற மின் தொழிலாளரிடம் விட்டுவிடுங்கள். ஆனால் அவர் என்ன வயர் இழுக்கிறார் என்று பார்த்துக் கேட்கும் உரிமை உங்களுடையது.

நாமே அளப்போம்

கம்பியின் பருமன் பார்க்க மைக்ரோமீற்றர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பிள்ளையின் பள்ளிக்கூட அடிமட்டம் போதும்.

1. மெல்லிய கம்பியானால் பென்சிலில் 10 சுற்று நெருக்கமாகச் சுற்றுங்கள். தடித்த கம்பியானால் 10 சிறு துண்டுகளை வெட்டி ஒன்றோடொன்று ஒட்டி அடுக்குங்கள். இடைவெளி இருக்கக்கூடாது.

2. பத்தின் மொத்த அகலத்தை மில்லிமீற்றரில் அளந்து 10ஆல் வகுங்கள். அதுவே பருமன். 26 வந்தால் 2.6 மில்லிமீற்றர், ஸ்டாண்டர்ட் 12. 20 வந்தால் 14. 16 வந்தால் 16. 12 வந்தால் 18.

3. இன்னொரு வழி நிறுத்துப் பார்ப்பது. 10 மீற்றர் கம்பியை வெட்டித் தராசில் வையுங்கள். 12ஆம் நம்பரானால் ஏறத்தாழ 430 கிராம். 14ஆம் நம்பரானால் 255 கிராம்தான்.

மின் வயரை இப்படி அளப்பதானால் கரண்ட் தொடர்பே இல்லாத புதிய துண்டை மட்டும் எடுங்கள்.

சரியென்று தெரிந்த கம்பியில் ஒரு விரல் நீளத் துண்டை வெட்டி, பருமனை எழுதிய அட்டையில் கட்டிச் சங்கத்தில் வைத்திருங்கள். கடைக்குப் போகும்போது அதைக் கொண்டுபோங்கள். எங்கள் குழுவில் இப்போது அந்த அட்டை இல்லாமல் யாரும் கம்பி வாங்கப் போவதில்லை. அதைப் பத்திரமாக வைத்திருப்பவர், அன்று காலையில் கம்பியை விரலில் உருட்டிப் பார்த்த அதே அம்மாதான்.

கடையில் நான்கு கேள்விகள் போதும். எந்தக் கேஜ்? எத்தனை மில்லிமீற்றர்? கிலோவுக்கு எத்தனை மீற்றர்? பில்லில் மில்லிமீற்றரை எழுதித் தருவீர்களா? பில்லில் "12 கேஜ்" என்று மட்டும் இருந்தால் பின்னர் வாதாட இடமில்லை. "2.64 மில்லிமீற்றர்" என்றிருந்தால் இடமுண்டு.

2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதைந்ததை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலும் மலையகத்தில் எத்தனையோ குடும்பங்களை வீடிழக்கச் செய்தது. புதிதாகக் குடியேறும் குடும்பம் முதல் மாதங்களில் வாங்குபவை வேலிக் கம்பி, கட்டுக்கம்பி, தகரம், வயர் ஆகியவைதான். நிவாரணப் பணமும் கடன் பணமும் இவற்றில்தான் கரைகின்றன. அந்தப் பணம் இரண்டாவது முறை வராது. நம்பரைக் கேட்டு வாங்குவதை நிறுத்தி அளவைக் கேட்டு வாங்கப் பழகுவோம்.

குழுவில் கலந்துரையாட

1. உங்கள் வேலிக் கம்பியை இன்று அளந்து பாருங்கள். வாங்கும்போது சொன்ன நம்பரும் அளவும் ஒத்துப்போகின்றனவா?

2. உங்கள் வீட்டில் பிளக் பொயின்ற்களுக்குப் போகும் வயர் எந்த அளவு என்று வீட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதை யாரிடம் கேட்டு அறியலாம்?

3. ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாக வாங்காமல், சங்கமாகச் சேர்ந்து அளவைக் குறிப்பிட்டு மொத்தமாக வாங்கினால் என்ன நன்மை? அதற்கு யார் பொறுப்பேற்பது?